நூறு சதவீத அடைப்போடு நடந்து வருபவர்கள்

ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் "ஒரு குழாய் 100% அடைப்பு" என்று எழுதி வாங்கியவர் ஒருவராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார். முந்தின வாரம் வரை சைக்கிளில் மார்க்கெட் போய் வந்தவர். படி ஏறினால் நெஞ்சு லேசாக இறுக்கும், நின்றால் விட்டுவிடும். வாயு என்று நினைத்துப் பூண்டுப் பாலும் இஞ்சிச் சாறும் குடித்துக்கொண்டிருந்தவர். அதே தெருவில் இன்னொருவர், வயது 42. ஒரு நாளும் நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்ததில்லை. ஒரு விடியற்காலையில் போய்விட்டார். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விதான்: முழுசாக அடைத்தவர் நடமாடுகிறார், ஒன்றுமே இல்லாதவர் எப்படிப் போனார்?

நடமாடுகிறவருக்கு ஆயுசு கெட்டி என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். இதயத்தைத் திறந்து பார்த்தவர்கள் அப்படி முடிக்கவில்லை. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தமக்குள் வேலையை எப்படிப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன, ஒன்று படுத்துவிட்டால் இன்னொன்று கைகொடுக்க அவற்றுக்கு இடையில் வழி இருக்கிறதா, அந்த வழி பெருக்க அவகாசம் கிடைத்ததா என்று பார்த்தார்கள். பங்கு போடுவது தாயின் வயிற்றிலேயே முடிந்துவிடுகிற விஷயம். வழி மட்டும் வாழ்நாள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும்.

இதயத்தின் பசி

இதயத்தின் அறைகளுக்குள் எந்நேரமும் ரத்தம் நிறைந்திருக்கிறது. ஆனாலும் அதிலிருந்து அதன் தசை எடுத்துக்கொள்ள முடிவது மிக மெல்லிய உள்படலத்துக்கு மட்டுமே. மற்றதெல்லாம் வெளியே சுற்றிவந்துதான் சேர வேண்டும். பெருந்தமனி இதயத்திலிருந்து கிளம்பும் இடத்திலேயே, வால்வுக்குச் சற்று மேலே, இரண்டு தமனிகள் பிரிகின்றன. இவைதாம் கரோனரி தமனிகள். இனி இதயத் தமனிகள் என்போம்.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் கால் லிட்டரைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. உடல் எடையில் அரை சதவீதம்கூடத் தேறாத ஓர் உறுப்புக்கு மொத்த ரத்தத்தில் ஐந்து சதவீதம். அதோடு, வந்த ரத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனில் முக்கால் பங்கை ஓய்வு நேரத்திலேயே உறிஞ்சிவிடுகிறது. கை கால் தசைகள் ஓய்வில் கால் பங்குதான் எடுக்கும். வேலை அதிகமானால் மீதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இதயத்துக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும். ஓடும்போது நாலைந்து மடங்கு வரவேண்டியிருக்கும். குழாய் குறுகியவருக்குப் படியில் மட்டும் நெஞ்சு இறுகி, நாற்காலியில் உட்கார்ந்ததும் விட்டுவிடுவது இதனால்தான்.

பின்புறம் யார் பொறுப்பு?

இடது தமனி கிளம்பிய சிறிது தூரத்திலேயே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று இதயத்தின் முன்பக்கமாக நேரே நுனிவரை இறங்குகிறது. டாக்டர்கள் எல்ஏடி என்பார்கள், நாம் முன்னிறங்கு தமனி என்று வைத்துக்கொள்ளலாம். மற்றது இடப்பக்கமாக வளைந்து பின்னால் போகும் சுற்றுத் தமனி. வலது தமனி வலப்பக்கமாக வளைந்து அதே பின்புறத்துக்கு வருகிறது. மேலறைகளும் கீழறைகளும் சந்திக்கும் பள்ளத்தில் இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் வந்துகொண்டிருக்கின்றன.

இரண்டும் நெருங்கும் இடத்தில், இதயத்தின் பின்புறத்தில், நான்கு அறைகளும் கூடும் ஒரு சந்தி இருக்கிறது. அங்கிருந்து ஒரு தமனி கீழே இறங்க வேண்டும். பின்னிறங்கு தமனி என்று பெயர். இரண்டு கீழறைகளுக்கும் நடுவே இருக்கும் தடுப்புச் சுவரின் பின்பகுதிக்கும், இடது கீழறையின் அடிப்பகுதிக்கும் ரத்தம் தருவது அதன் வேலை. அதை யார் அனுப்புகிறார்கள்?

நூறு பேரில் ஏறக்குறைய 80 முதல் 85 பேருக்கு வலது தமனிதான் அந்தச் சந்தியைத் தாண்டிப் போய் அனுப்புகிறது. இதைத்தான் ரிப்போர்ட்டில் "ரைட் டாமினன்ட்", வலது ஆதிக்கம், என்று எழுதுகிறார்கள். ஏழெட்டுப் பேரிலிருந்து பத்துப் பேர் வரை இடது ஆதிக்கம். சுற்றுத் தமனியே பின்புறம் முழுவதையும் பார்த்துக்கொள்ளும், வலது தமனி குட்டையாகவும் மெலிந்தும் நின்றுவிடும். மிச்சம் இருப்பவர்களுக்கு இரண்டும் பங்கிட்டுக்கொள்ளும். இதயங்களில் ஈயம் கலந்த கூழைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பாஸ்டன் நகர நோய்க்குறியியலாளர் மன்ரோ ஷ்லெசிங்கர், 1940இல் இந்த மூன்று வகைகளையும் எழுதினார். அன்று அது பிணவறையில் மட்டும் பார்க்க முடிந்த விஷயம். 1958 அக்டோபரில் அமெரிக்காவின் க்ளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் ஓர் இளைஞரின் பெருந்தமனியைப் படமெடுக்கப் போனபோது, கதீட்டர் என்ற மெல்லிய குழாய் தற்செயலாக வலது இதயத் தமனிக்குள் நழுவி, படத்துக்காகச் செலுத்திய சாயம் முழுவதும் அதற்குள்ளேயே போய்விட்டது. இதயம் சில நொடி நின்றது. இருமச் சொன்னார்கள், திரும்ப ஓடியது. ஆள் பிழைத்தார். உயிருள்ளவரின் இதயத் தமனியைத் தனியே படமெடுக்கலாம் என்பது இப்படித்தான் தெரியவந்தது.

ஆதிக்கம் என்ற சொல்லைப் பார்த்து மிரள்பவர்கள் உண்டு. இது நோயல்ல, குறையும் அல்ல. சொல்லே கொஞ்சம் தப்பான எண்ணத்தைத் தருகிறது. வலது ஆதிக்கம் உள்ளவருக்கும் இடது கீழறைத் தசையின் பெரும்பங்குக்கு ரத்தம் தருவது இடது தமனிதான். பின்புறச் சந்தியை யார் பிடித்தார்கள் என்பதை வைத்து மட்டும் இந்தப் பட்டம்.

ஆனால் குழாய் அடைக்கும்போது பட்டத்துக்கு விலை உண்டு. ஸ்டென்ட் வைப்பதா, பைபாஸ் செய்வதா என்று முடிவுசெய்ய உதவும் சின்டாக்ஸ் மதிப்பெண்ணில், ஒவ்வொரு இடத்து அடைப்புக்கும் ஓர் எடை தருகிறார்கள். வலது தமனியின் தொடக்கத்தில் அடைப்பு இருந்தால், வலது ஆதிக்கக்காரருக்கு எடை 1. இடது ஆதிக்கக்காரருக்குப் பூஜ்யம். இடது தமனியின் பிரியாத தண்டில் அடைப்பு என்றால் வலது ஆதிக்கக்காரருக்கு 5, இடது ஆதிக்கக்காரருக்கு 6. ஒரே இடம், ஒரே சதவீதம், ஆள் மாறினால் ஆபத்து மாறுகிறது. பக்கத்துப் படுக்கைக்காரரின் ரிப்போர்ட்டோடு நம்முடையதை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

ஒரு படம், நிதானமாக

இப்போது நம் மார்க்கெட்காரரை ஆஞ்சியோ எடுக்கும் கேத்லாப் மேஜையில் படுக்க வைப்போம். 58 வயது, வலது ஆதிக்கம். கற்பனை ஆள்தான்; ஆனால் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒருவரைப் பார்க்கலாம்.

முதலில் வலது தமனியில் சாயம். திரையில் கருப்புக் கோடு இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஓடுகிறது, சட்டென்று மொட்டையாக நிற்கிறது. அதற்கப்பால் வெறும் சாம்பல் நிறம். 100% என்பது இதுதான். இதைப் பார்த்தால் இதயத்தின் அடிப்பகுதி செத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் எக்கோவில் அந்தச் சுவர் அசைகிறது, மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் சோம்பலாக, அவ்வளவுதான்.

அடுத்து இடது தமனியில் சாயம். முன்னிறங்கு தமனி பளிச்சென்று நிறைகிறது. படத்தை நிறுத்தாமல் இன்னும் சில துடிப்புகள் ஓடவிடுகிறார்கள். (சீக்கிரம் நிறுத்திவிட்டால் இதற்குப் பிறகு வருவது பதிவாகாது.) தடுப்புச் சுவருக்குள் முன்னிருந்து பின்னாக, சுருள் சுருளான நூலிழைகள் சில தெரிகின்றன. அவற்றின் மறுமுனையில் ஒரு தமனி மெல்ல இருள்கிறது. அது பின்னிறங்கு தமனி. மேலிருந்து கீழே நிறைய வேண்டியது, கீழிருந்து மேலே, தலைகீழாக நிறைகிறது. சாயம் பின்புறச் சந்தியை எட்டி, வலது தமனிக்குள் புகுந்து, அடைப்பின் அந்தப் பக்கம் வரை வந்து நிற்கிறது.

வலது தமனியின் வீட்டுக்கு இடது தமனி சாப்பாடு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த நூலிழைகளை மாற்றுவழிக் குழாய்கள் என்று அழைக்கலாம். டாக்டர்கள் கொலாட்டரல் என்பார்கள்.

மடை திறப்பது எப்படி?

இந்த இழைகள் திடீரென்று முளைத்தவை அல்ல. பிறவியிலேயே இருந்தவை, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் மெல்லியவை. ஆரோக்கியமான இதயத்தில் ஆஞ்சியோவில் தென்படுவதே இல்லை. ஏன் தென்படவில்லை என்பதற்கு வயலைப் பார்த்தால் போதும். அடுத்தடுத்த இரண்டு வயல், நடுவே வரப்பு, வரப்பில் சிறு மடை. இரண்டு வயலிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் மடை திறந்திருந்தும் ஒரு சொட்டு நகராது. ஒரு வயல் வற்றத் தொடங்கினால்தான் ஓட்டம் பிறக்கும்.

தமனியில் மட்டத்துக்குப் பதில் அழுத்தம். நம் ஆளின் பெருந்தமனியில் சராசரி அழுத்தம் 100 என்று வைத்துக்கொள்வோம். வலது தமனி குறுகக் குறுக அடைப்புக்கு அப்பால் அழுத்தம் 80, 60, 40 என்று விழுகிறது. முன்னிறங்கு தமனியில் அது இறங்கவில்லை. எனவே தடுப்புச் சுவரின் இழைகளுக்குள் ரத்தம் வேகமாகப் பாயத் தொடங்குகிறது. பாயும் ரத்தம் குழாயின் உள்சுவரை உரசுகிறது. வளர்ச்சிக்கான சமிக்ஞை இந்த உரசல்தான். உள்சுவர்ச் செல்கள் விழித்துக்கொண்டு ரத்தத்தில் போகும் வெள்ளணுக்களில் ஒரு வகையைப் பிடித்து ஒட்டவைக்கின்றன. அவை சுரக்கும் பொருள்களால் பழைய சுவர் இளகி, தசைச் செல்கள் பெருகி, குழாய் அகன்று தடித்துப் புதிதாகக் கட்டப்படுகிறது. ஜெர்மனியின் பாட் நவுஹைம் ஆய்வகத்தில் வோல்ஃப்காங் ஷாப்பரும் அவருடைய குழுவினரும் நாய்களில் பல்லாண்டு பார்த்துப் பிரித்தறிந்த விவரம் இது.

அகலத்தில் சிறிய மாற்றம் ஓட்டத்தில் பெரிய மாற்றம். விட்டம் இரண்டு மடங்கானால், அதே அழுத்தத்தில் 16 மடங்கு ரத்தம் போகும். அதனால் பத்து மெல்லிய இழைகளைவிட ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு வளர்ந்த ஒரே குழாய் மேல்.

இதற்கெல்லாம் வாரங்கள், மாதங்கள் வேண்டும். மார்க்கெட்காரரின் குழாய் பல ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகக் குறுகியது. கடைசியாக அது மூடிய நாளில் மாற்றுவழி ஏற்கெனவே தயார். அந்த நாள் எதுவென்றே அவருக்குத் தெரியாது. 42 வயதுக்காரருக்கு நேர்ந்தது வேறு. பாதிகூடக் குறுகாத இடத்தில் கொழுப்புப் படிவத்தின் மேல்தோல் கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் மூடிவிடும். இளவயது மாரடைப்புகளில் பலவற்றின் கதை இதுதான். முந்தின நாள்வரை இரு பக்கமும் ஒரே அழுத்தம் என்பதால் இழைகள் வளரக் காரணமே இருந்திருக்காது.

இருநூறு ஆண்டு வழக்கு

இதயத் தமனிகளுக்கிடையே இணைப்பு உண்டா இல்லையா என்பது நீண்ட சண்டை. 1669இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் லோயர், ஒரு தமனியில் செலுத்திய திரவம் மற்றதிலும் பரவுகிறது, ஆகவே உண்டு என்றார். 1881இல் ஜெர்மனியின் யூலியுஸ் கோன்ஹைம், நாய்களின் தமனியைக் கட்டிப் பார்த்து, அவை இறந்துபோகவே, பயன்படும்படியான இணைப்பு கிடையாது என்று தீர்ப்புச் சொன்னார். அவருக்கிருந்த செல்வாக்கில் அந்தக் கருத்து வெகுகாலம் நின்றது. இதயத் தமனி அடைத்தால் உடனடி மரணம் என்று மருத்துவர்கள் நம்பிய காலத்தில், 1912இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக், அப்படி இல்லை, அடைத்த பிறகும் மணிக்கணக்கில், நாள்கணக்கில் உயிரோடிருந்தவர்களும் பிழைத்தே விட்டவர்களும் இருக்கிறார்கள் என்று எழுதினார். அதற்கு அவர் காட்டிய காரணங்களில் ஒன்று இந்த இணைப்புகள்.

இரு தரப்பும் ஒரு விதத்தில் சரி. விலங்குக்கு விலங்கு வித்தியாசம் அவ்வளவு. கினிப் பன்றியின் இதயத் தமனியைக் கட்டினாலும் தசை சாவதில்லை; அவ்வளவு தாராளமான இணைப்புகள். பன்றிக்கும் எலிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நாய் நடுவில்.

மனிதர்களிலோ ஆளுக்கு ஆள் வித்தியாசம். அதை அளக்க உதவியது பலூன். 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதல்முறையாக ஒருவரின் குறுகிய இதயத் தமனியைப் பலூனால் விரித்தார். பலூன் ஊதியிருக்கும் நேரத்தில் குழாய் முழுவதுமாக மூடியிருக்கிறது அல்லவா? அப்போது பலூனுக்கு அப்பால் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்தால், மாற்றுவழி எவ்வளவு தருகிறது என்பது தெரிந்துவிடும். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் கிறிஸ்டியான் சைலர் குழுவினர், குழாய்களில் குறுகலே இல்லாத 100 பேரிடம் ஒரு நிமிடம் பலூனை ஊதிப் பார்த்து 2003இல் வெளியிட்டார்கள். நாலைந்து பேரில் ஒருவருக்கு இசிஜியில் மாற்றமே வரவில்லை. நோயே இல்லாமல், பிறவியிலேயே போதுமான மாற்றுவழி. மற்றவர்களுக்கு அந்த ஒரு நிமிடத்துக்குள் இசிஜி கோடு மாறிவிட்டது.

கடன் வாங்கிய ரத்தம்

மாற்றுவழி இருக்கிறது என்றதும், இயற்கையே பைபாஸ் செய்துவிட்டது, இனி மருந்து எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை.

நம் ஆளுக்கு அடைப்புக்கு அப்பால் அழுத்தம் 40 என்று வைத்துக்கொள்வோம். நல்ல மாற்றுவழிகளுக்கே அந்த அளவுதான் தேறும். உட்கார்ந்திருக்க அது போதும், தசை உயிரோடிருக்கும். நாலைந்து மடங்கு ரத்தம் கேட்கும் நேரத்தில் போதாது. நாள்பட்ட முழு அடைப்பு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு, மாற்றுவழி எவ்வளவு நன்றாக வளர்ந்திருந்தாலும், உடல் உழைக்கும்போது அந்தப் பகுதியில் ரத்தக் குறைவு ஏற்படுகிறது.

இன்னொரு ஆபத்து பலருக்கும் தோன்றாதது. இதயத்தின் முன்பகுதி, அடிப்பகுதி இரண்டுக்கும் இப்போது ஒரே முன்னிறங்கு தமனிதான் ஆதாரம். அது குறுகினால் முன்சுவரோடு அடிச்சுவரும் சேர்ந்து தவிக்கும். அடைத்த குழாயைவிட, கொடுத்துக்கொண்டிருக்கும் குழாயைக் கவனிப்பதுதான் அவசரம் என்று டாக்டர் சொன்னால் காரணம் இதுதான்.

அடைத்த குழாயை ஸ்டென்ட் வைத்துத் திறந்துவிட்டால் மாற்றுவழிகள் என்னாகும்? அழுத்த வித்தியாசம் போய்விடுகிறது, அவற்றில் ஓட்டம் உடனே குறைகிறது, மாதங்களில் மேலும் சுருங்குகின்றன. பிறகு ஸ்டென்ட் திடீரென்று மூடினால் பழைய வழி அதே அளவில் திரும்பிவரும் என்று சொல்ல முடியாது. ஸ்டென்ட் வைத்தபின் கொடுக்கும் மாத்திரைகளை நாமாக நிறுத்தக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வளர்க்க முடியுமா?

முயன்றவர்கள் பலர். 1935இல் க்ளீவ்லாந்தின் க்ளாட் பெக், மார்புத் தசையை இதயத்தின் மேல் வைத்துத் தைத்தார். 1950இல் மாண்ட்ரியாலின் ஆர்தர் வைன்பர்க், மார்புத் தமனியின் முனையை நேரே இதயத் தசைக்குள் புதைத்தார், கிளை பிடிக்கட்டும் என்று.

இவற்றில் எனக்குப் பிடித்த கதை 1950களின் கடைசியில் நடந்தது. மார்புச் சுவரில் ஓடும் தமனிகளை நடுவில் கட்டிவிட்டால், மேலே தேங்கும் ரத்தம் இணைப்புகள் வழியே இதயத்துக்குத் திரும்பும் என்றொரு யோசனை. சின்ன அறுவை, மரப்பு ஊசி போதும். செய்துகொண்டவர்கள் நெஞ்சுவலி குறைந்தது என்றார்கள், பத்திரிகைகளில் பாராட்டு. அமெரிக்காவின் சியாட்டிலில் லெனர்ட் காப் குழுவினர் 17 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் தோலைக் கீறினார்கள். பிறகு உறையைப் பிரித்துப் பார்த்து, அதில் உள்ளபடி 8 பேருக்குத் தமனியைக் கட்டினார்கள், 9 பேருக்கு ஒன்றும் செய்யாமல் தைத்துவிட்டார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னர் பரிசோதித்தவருக்கும் தெரியாது. 1959இல் முடிவு வந்தது: வெறுமனே தைத்தவர்களுக்கும் அதே அளவு வலி குறைந்திருந்தது. அத்தோடு அந்த அறுவை வழக்கொழிந்தது. இன்று "இயற்கை பைபாஸ்" என்று விளம்பரம் செய்யும் எதைப் பார்த்தாலும், வலி குறைந்தவர்களின் பேட்டியோடு நின்றுவிடாமல், அந்த ஒன்பது பேரைப் போன்றவர்கள் அந்த ஆய்வில் இருந்தார்களா என்று கேளுங்கள்.

ரத்தக் குழாயை வளர்க்கும் புரதங்களை ஊசியில் ஏற்றும் முயற்சி 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரும் எதிர்பார்ப்போடு நடந்தது. மருந்தில்லாத ஊசியோடு ஒப்பிட்டபோது தெளிவான பலன் எதுவும் நிலைக்கவில்லை. எளிய வழியான உடற்பயிற்சிக்குத்தான் ஓரளவு ஆதாரம் இருக்கிறது: ஜெர்மனியில் இதயநோயாளிகளிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நான்கு வாரத் தீவிரப் பயிற்சிக்குப் பின் பலூன் அளவீட்டில் மாற்றுவழி ஓட்டம் கூடியிருந்தது. மருத்துவர்களின் கண்காணிப்பில், வாரத்துக்குப் பல மணி நேரம் செய்த பயிற்சி அது. நெஞ்சு இறுகுபவர் நாளைக்கே தானாக ஓடத் தொடங்குவதற்கான அனுமதி இல்லை.

எத்தனை நிமிடம்?

ரத்தம் முழுவதும் நின்றுபோன இதயத் தசையில் சாவு சுமார் 20 நிமிடங்களில் உள்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கமாகப் பரவுகிறது என்று 1970களில் ஆய்வாளர்கள் ரைமரும் ஜென்னிங்ஸும் நாய்களில் காட்டினார்கள். சுவர் முழுவதும் சாக மூன்று முதல் ஆறு மணி நேரம். மாற்றுவழி சிறிதளவு ரத்தம் கொடுத்தால்கூட அந்த அலை மெதுவாக நகரும்; டாக்டர்களுக்குக் கிடைக்கும் நேரம் நீளும்.

உங்களுக்கு எந்த அளவு மாற்றுவழி இருக்கிறது என்பதை வீட்டிலிருந்து அறிய வழியில்லை. இசிஜி சொல்லாது, எக்கோ சொல்லாது. குறுகலே இல்லாத குழாயில் ஆஞ்சியோகூடச் சொல்லாது. அதனால் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி, கை அல்லது தாடைக்குப் பரவி, வியர்த்து, ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் விடாவிட்டால், இஞ்சிச் சாறு காய்ச்ச அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்: தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.